ஸ்டெல்லாவின் குரலும் ஒரு பெரிய ஃபேனும்

என் மனைவி ஸ்டெல்லா, பார்வையில்லாத பிள்ளைங்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசிச்சு, வீட்டுக் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணி அனுப்புறா. போன வாரம் அனுப்பினது திரும்பி வந்திடுச்சு. பின்னாடி ஒரே இரைச்சலாம். எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள சூடு தணிக்கச் சுத்துற கேபினெட் ஃபேன் பண்ண பேஜாரு.

இன்னைக்குத் திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் போய், ஒரு கம்ப்யூட்டர் கடைல பெரிய ஃபேனா கேட்டோம்.

"பெருசுன்னா சத்தமும் பெருசா வராதாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"வராதும்மா. பெருசு மெதுவா சுத்தினாலே போதும், காத்து வந்துடும். நீங்களே கேளுங்க" என்று கடைக்காரர் ஓடவிட்டார்.

காதைக் கிட்ட வச்சுக்கினு கேட்டவள், "ஓடுதாங்க?" என்றாள். உடனே வாங்கிட்டோம்.

வீட்ல மாட்டி, ஒரு பக்கம் வாசிச்சுப் போட்டுக் கேட்டோம். அவ குரல் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. நாளைக்கு முழுப் பாடத்தையும் திரும்ப வாசிக்கப் போறா.

பக்கத்து வீட்டுச் சேவலை அமைதியாக்க மட்டும் யாராவது வழி சொல்லுங்க.