அண்ணிக்கு வாசிக்காமல் விட்ட வரி

போன செவ்வாய்க்கிழமை காலை அண்ணி போன் செய்தார். அண்ணன் மஸ்கட்டிலிருந்து எனக்கு அனுப்பிய மெயில்களை அவரே ஒரு தடவை படிக்க வேண்டுமாம். அண்ணன் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது.

நான் எதையும் எளிதில் தூக்கிப் போடுகிறவன் இல்லை. நாற்பத்தொரு மெயில்கள். தேதிவாரியாகப் பெயரிட்டு, மூன்று இடங்களில் காப்பி. ஐந்து நிமிஷத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுத் திறந்தேன்.

ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகள், பவுண்டு குறி, தலைகீழ் கேள்விக்குறி...

இன்றைக்குக் கம்ப்யூட்டரில் 'அ'வுக்கு உலகம் முழுக்க ஒரே எண். எந்த போனில் திறந்தாலும் அது 'அ'தான். அண்ணன் எழுதிய காலத்தில் ஃபான்ட் செய்த ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைத் தம் இஷ்டத்துக்கு உட்கார வைத்தார்கள். அந்த ஃபான்ட் இருந்தால் கடிதம். இல்லையென்றால் கிறுக்கல். மெயில்களை இத்தனை பத்திரப்படுத்திய நான், கம்ப்யூட்டர் மாற்றியபோது ஃபான்ட்டைத் தேவையில்லை என்று அழித்திருக்கிறேன். அழித்த தேதி டயரியில் இருக்கிறது!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிறுக்கலைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அந்த நாளில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை அண்ணி வருவார். நான் மெயிலை வாசிப்பேன். அவர் சொல்லச் சொல்லப் பதிலை டைப் செய்வேன். பிள்ளைகளின் மார்க், சம்பா நடவு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா... எல்லாம் போகும். ஒரே ஒரு மெயிலில் மட்டும் ஒரு பாராவை விட்டுவிட்டு வாசித்தேன். வாசிக்காதே என்று அண்ணனே எழுதியிருந்தார்.

கிறுக்கலாகிவிட்டது என்று சொன்னால் அண்ணி விடுவாரா? கீழ்வேளூரில் கலாவின் டிடிபி கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அங்கே பழைய கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களுக்கான மாதிரிகள் எல்லாம் அதில்தான். போட்டோவையும் பெயரையும் மாற்றினால் பத்து நிமிஷத்தில் போஸ்டர் தயார்.

"புதுசுல போட்டா எழுத்தெல்லாம் ஓடிடும் சார். இதுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்கிற வரைக்கும் இதுதான்" என்றார் கலா.

எங்கள் ஃபான்ட் அதில் இருந்தது. பென் டிரைவைச் செருகியதும் அண்ணன் வரிசை வரிசையாக எழுந்து வந்தார். 'அன்புள்ள தம்பிக்கு' என்று. கலா ஏதோ வேலை இருப்பதுபோல் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

அண்ணி ஒவ்வொன்றாகப் படித்தார். நான் பாராவை விட்டு வாசித்த அந்தப் பதினேழாவது மெயிலைத் தாண்டிப் போகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படித்துவிட்டார்.

'இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. வந்துவிடுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளம்பி விடுவேன். நானாகக் கேட்டால் எனக்காகச் சொல்வாள். அதனால் இதை அவளிடம் வாசிக்காதே.'

அதற்குப் பிறகு அண்ணன் அங்கே பதினொரு வருடம் இருந்தார். உடம்பு கெட்டபிறகுதான் வந்தார்.

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க எதையோ விட்டுட்டுப் படிச்சீங்கன்னு அன்னிக்கே தெரியும் தம்பி. உடம்புக்கு ஏதோன்னு நெனச்சு பயந்துக்கிட்டே இருந்தேன்."

"சொல்லியிருக்கணும் அண்ணி. தப்பு என்னோடது."

"ஒங்க தப்பு மட்டும் இல்ல. வந்துடுங்கன்னு எழுதச் சொல்லணும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நெனச்சுக்கிட்டுத்தான் வருவேன். டைப் அடிக்கிறது நீங்க. கொழுந்தன்கிட்ட அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுன்னு எழுதச் சொல்லிட்டுப் போயிடுவேன்."

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போன் வந்தால் வீடே சுற்றி நிற்கும்!

புது எழுத்துக்கு மாற்றித் தரட்டுமா, செல்லிலேயே படிக்கலாம் என்றார் கலா. நாற்பத்தொன்றையும் மாற்றித் தரச் சொன்னார் அண்ணி. இனி அவற்றைப் படிக்க யாருடைய தயவும் தேவையில்லை.

'வாங்க' – மூன்றே எழுத்து. அந்தப் பழைய ஃபான்ட்டிலும் மூன்றும் இருந்தன.