ஓம் என்றால் மனிதன்

பலெர்மோ துறைமுகத்தில் சாமான்கள் ஆளில்லாமல் பயணம் போகின்றன. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது ஒரு விசயமாகத் தெரியாது. எனக்கோ ஒன்பது வருடமாகியும் மனம் ஒப்பவில்லை. தீவின் உட்பகுதியிலிருந்து ஒரு சாரதி நீளமான பெட்டியை இழுத்துக்கொண்டு வருவார். முற்றத்தில் அதைக் கழற்றி விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தன் பாட்டில் போய்விடுவார். பெட்டி தன் இரும்புக் கால்களில் நிற்கும். பிறகு 'ரல்லா' என்று இவர்கள் சொல்கிற குட்டை இழுவை வண்டி வந்து, அதைக் கப்பலின் திறந்த பின்வாசலுக்குள் தள்ளிவிட்டு வரும். மறுநாள் ஜெனோவாவில் முன்பின் தெரியாத இன்னொருவர் அதைக் கொழுவி இழுத்துப் போவார். இடைப்பட்ட கடல் முழுவதும் அந்தச் சாமானுக்குப் பொறுப்பு, கதவுக் கொளுக்கியில் மாட்டிய இலக்கமிட்ட ஒரு முத்திரை மட்டும்தான். எங்கள் ஊர்ப் பக்கம் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகில் அரிசி மூட்டை ஏற்றினால், மூட்டைக்காரர் அதன்மேல் ஏறி இருந்துவிடுவார். அலை அடித்து வேட்டி நனைந்தாலும் நயினாதீவு வரும்வரை எழும்பமாட்டார். இங்கே ஆளை ஒருவரும் நம்புவதில்லை, இலக்கத்தைத்தான் நம்புகிறார்கள். அந்த முத்திரை அறுந்துவிட்டால், உள்ளே ஒரு மீன்கூடக் குறையாவிட்டாலும், வாங்குகிறவர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

என் வேலை அந்த முற்றத்தைக் கூட்டுவது. சாரதிமாரின் கழிப்பறைகளையும் குளிக்கும் அறைகளையும் கழுவுவது. துப்புரவுக் கூட்டுறவு ஒன்றின் நீலச் சட்டை, கழுத்தில் துறைமுக அட்டை. அட்டை இருந்தால்தான் வேலை. வேலைக் கடிதம் இருந்தால்தான் கொஸ்தூராவில், அதுதான் பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பார்கள். பெர்மெஸ்ஸோ இருந்தால்தான் இந்த நாட்டில் நான் ஒரு ஆள். இப்படி ஒன்றில் ஒன்று தொங்குகிற சீவியத்தில் ஒருவனுக்குச் சந்தேகம் வராமல் வேறென்ன வரும்? ஒப்புக்கொள்கிறேன், நான் பிறவிச் சந்தேகக்காரன்தான். கடிதம் வந்தால் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பேன். யாராவது சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பேன்.

நினோ சிரிக்கிற ஆள். ரல்லா ஓட்டுகிறவன், என் வயது. பகேரியாவிலிருந்து ரயிலில் வந்து போவான். சிவபாலன் என்ற என் பெயரை வெட்டி, கடைசி எழுத்தில் ஓங்கி அடித்து, "சிவா!" என்று முற்றத்தின் அந்த மூலையிலிருந்து கூப்பிடுவான். தன் வீட்டு எலுமிச்சம்பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தருவான். சும்மா ஒருவன் தருவானா? என்னிடம் இவனுக்கு என்ன தேவை? முதல் முறை அந்தப் பழங்களை இரண்டு தரம் கழுவச் சொன்னேன். என் மனைவி வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்கு எலுமிச்சம்பழத்திலையும் சந்தேகமோ? விட்டால் என்னையும் கழுவி எடுப்பியள்" என்றாள். கழுவித்தான் தேசிக்காய்த் தண்ணி குடித்தோம். ஒன்றும் ஆகவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளிர்ப்பெட்டிகள் நிற்கும் வரிசையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிகள் மின்சாரத்தில் கொழுவி நிற்பவை. ஓயாமல் இரையும், பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. வியாழக்கிழமை எங்களுக்குக் கொஸ்தூராவில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கத் தவணை. வதனி அதைப் பற்றித்தான் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் காதில் செருகியிருந்த கருவியோடு கதைத்தபடி கூட்டினேன். அந்த நேரம் முற்றத்தின் மேற்பார்வையாளர், நாங்கள் 'காப்போ' என்று சொல்கிறவர், வேகமாக வந்து என் முன்னால் நின்றார். முகம் சிவந்திருந்தது. பக்கத்துப் பெட்டியின் கதவைக் காட்டினார். கொளுக்கியில் முத்திரை இல்லை.

"கீ ச்சேரா?" என்று கேட்டார். இங்கே யார் நின்றது என்பது அதன் பொருள். எனக்கு இரைச்சலில் அது பாதிதான் கேட்டது. அதே நேரம் காதுக்குள் வதனி, "வேலைக் கடிதம் நாளைக்கு எடுப்பியளோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"ஓமு?" என்றார் காப்போ.

"படம் எடுத்தனீங்களோ? நாலு வேணுமாம்" என்றாள் வதனி.

"ஓம், ஓம்."

காப்போ தூரத்தில் போய்க்கொண்டிருந்த ரல்லாவைக் கையால் காட்டி ஏதோ கேட்டார். வதனி, "அப்ப வியாழன் விடியவே வெளிக்கிடுவம், என்ன?" என்றாள். நாங்கள் போனில் கதைக்கும்போதும் தலையை ஆட்டுகிறவர்கள். எதிரே ஆளில்லை என்பது வாய்க்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியாது. நான் நன்றாகத் தலையை ஆட்டி, "ஓம்" என்றேன். காப்போ என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். என்னடா இது, இந்த மனுசன் ஏன் தட்டுகிறது என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

மத்தியானம் கழிப்பறைப் பக்கம் யேசுதாசன் ஓடிவந்தான். மன்னார்ப் பெடியன், என்னோடு அதே கூட்டுறவில் வேலை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், பொய் சொல்லமாட்டான்.

"அண்ணை, நீங்கள் நினோவைக் காட்டிக் குடுத்திட்டியளாம்?"

"ஆர் சொன்னது? விசரே உனக்கு?"

"எல்லாரும் கதைக்கினம். முத்திரையை அறுத்த ஆள் ஆரெண்டு காப்போ கேக்க, நீங்கள் 'ஓமு, ஓமு' எண்டு சொன்னியளாம். இவையின்ரை சிசிலியப் பாசையில் ஓமு எண்டா மனுசன். ஒரு மனுசன் நிண்டவன் எண்டு சொன்னியளாம். நினோவோ எண்டு கேக்கத் தலையை ஆட்டினியளாம். நினோவை வேலையாலை நிப்பாட்டி, வீட்டை அனுப்பிட்டாங்கள்."

வாளியைக் கீழே வைத்தேன். காட்டிக் குடுத்தல் என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் சும்மா கேட்டுவிட்டுப் போகமுடியாது.

எங்கள் பகுதியை ஆமி சுற்றிவளைத்த நாளொன்றில், ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு ஜீப்பின் முன் ஒவ்வொருவராக நடக்கவேண்டும். உள்ளே ஒருவன் தலையில் சாக்கு மூடி இருந்தான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று சொல்வோம். அவன் தலையை ஆட்டினால் நீங்கள் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. எனக்கு முன்னால் சைக்கிள் கடை கனகண்ணை நின்றார். அவர் ஒரு சில்லுக்குக் காற்றடித்துக் கொடுத்ததைத் தவிர யாருக்கும் எதுவும் செய்ததில்லை. சாக்கு ஆடியது. அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்தது நான். சாக்கு ஆடவில்லை. கனகண்ணை திரும்பி வரவில்லை. நல்ல வெயில், சாக்குக்குள் அவனுக்கு வியர்த்திருக்கும், ஈ மொய்த்திருக்கும். அவன் ஓம் என்றுதான் ஆட்டினானா, இல்லை ஈயை விரட்டினானா? இத்தனை வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இப்போது பலெர்மோவில், பட்டப்பகலில், சாக்கில்லாமல் நானே தலையை ஆட்டிவிட்டு நிற்கிறேன்.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கிற எங்கள் இரண்டு அறை வீட்டில் அன்று மாலை வதனியோடு ஒரே வாக்குவாதம். "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே. அவங்களாக விளங்கிக்கொண்டதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? வியாழன் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வரிசையில் காலையில் நின்றவர்கள் இரண்டே பேர். நினோ ரல்லாவோடு வந்து, முத்திரை இல்லாத பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இன்னொன்றை இழுத்துப் போனான். நான் விளக்குமாறோடு நின்றேன். அங்கிருந்த கமராவோ பல நாளாக வேலை செய்வதில்லை. நினோ இல்லையென்றால் பிறகு யார்? சின்னப் பிள்ளைக்கும் விடை தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உண்மையிலேயே நினோதான் அறுத்தானோ என்றும் யோசித்தேன். அந்தச் சிரிப்பும் எலுமிச்சம்பழமும் எதற்கு? என்னைக் கையில் போட்டு வைத்தானோ? அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் எனக்கே அருவருப்பாகவும் இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவன் ரல்லாவை விட்டு இறங்கியதை நான் காணவில்லை. காணாததை ஓம் என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காப்போவின் அறைக்குப் போனேன். என் இத்தாலியன் வாளிக்கும் விளக்குமாறுக்கும் போதும், நியாயம் பேசக் காணாது. "ஓம் நோன் உவோமோ. ஓம், சீ" என்று சொன்னேன். ஓம் என்றால் மனிதன் இல்லை, எங்கள் பாசையில் ஓம் என்றால் உங்கள் 'சீ', அதாவது ஆமாம் என்று விளக்கினேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். "அப்படியென்றால், ஒருவன் நின்றானா என்று நான் கேட்டபோது ஆமாம் என்றாய். நினோவா என்று கேட்டபோதும் ஆமாம் என்றாய்."

கடவுளே! பூட்டைத் திறக்கப் போய்த் திறப்பை உள்ளே முறித்துவிட்டேன். மனைவி, போன், கொஸ்தூரா, நாலு படம் என்று காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அழைப்புகளின் பட்டியலை எடுத்து நீட்டினேன். அவர் அதிலிருந்த நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் நேரத்தைப் பார்த்தார். நேற்று ஏன் சொல்லவில்லை என்றார். யார் உன்னை அனுப்பியது என்றார். நினோவின் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்களா என்றும் கேட்டார். என்னை விடப் பெரிய சந்தேகக்காரரை அன்றுதான் கண்டேன். கடைசியாக ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "அந்த வரிசையில், நிலத்தில் கால் வைத்து நின்றது யார்?"

"நான்" என்றேன். "நான் மட்டும்தான்."

எழுதினார். வாசித்துக் காட்டினார். சரியா என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டார். தலையை ஆட்டாமல், கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "சீ... சீ... சீ..." என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடியும்வரை அட்டை இங்கே இருக்கட்டும் என்றார். கழற்றிக் கொடுத்தேன். கூட்டுறவுக்குப் போன் எடுத்தேன். அட்டை திரும்பி வந்த பிறகு வேலைக் கடிதத்தைப் பற்றிக் கதைப்போம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

வாசல் வேலிக்கு வெளியே வந்து நின்றேன். மத்தியானத்துக்குள்ளேயே நினோவைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். ரல்லாவில் ஒரு நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கமாகப் போனான். என்னைக் கண்டான். சிரிக்கவில்லை, கூப்பிடவுமில்லை. முதலில் காட்டிக் கொடுத்தவன், பிறகு ஏன் காப்பாற்றினான், இவனுக்கு என்னிடம் என்ன தேவை என்று அவன் முகம் கேட்டது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. முத்திரையை அறுத்தது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன் அடித்தது. வதனி. யேசுதாசன் அதற்குள் அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

"இஞ்சாருங்கோ... போய்ச் சொல்லிப்போட்டியளோ? அட்டையை வாங்கிப்போட்டாங்களோ?"

"சீ" என்றேன்.

அந்தப் பக்கம் வதனி குரலை உயர்த்தினாள்.

"என்ன சீ? ஆரைச் சீ எண்டுறியள், என்னையோ?"

இத்தாலியனில் ஓம் என்று சொன்னேனா, தமிழில் சீ என்று சொன்னேனா? எனக்கே தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடி வேலிக்கு வெளியே நின்றேன்.