‘பாசிட்டிவ்’ என்று ஒரு வார்த்தை சொன்னேன்

போன வாரம் ஒரு பெண்மணிக்கு ஆறுதல் சொன்னேன்.

சொன்ன மறுநாளைக்குள் அவருடைய ஆபரேஷன் நிற்கப் பார்த்தது. கணவர் காணாமல் போனார். துணைக்கு இருந்த நாத்தனார் பஸ் ஏறிவிட்டார். பக்கத்துக் கட்டில் அம்மாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலுக்கு இடம் மாறிவிட்டார்.

எல்லாம் என் ஒரே ஒரு வார்த்தையால்! கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால் பட்டியல் நீளம். அதில் முதல் பெயர் என்னுடையது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் எனக்குப் பல வருஷமாக ரவிக்கை தைத்துக் கொடுப்பவர் ஆரோக்கியமேரி அக்கா. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னத் தையல் கடை, ஒரு மெஷின், ஒரு ஸ்டூல். கணவர் சூசை, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

அக்காவுக்கு இரண்டு வருஷமாக உதிரப்போக்கு. மாதத்தில் பாதி நாள். கர்ப்பப்பையில் கட்டி, பயப்படுகிற மாதிரிக் கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் கர்ப்பப்பை என்று யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். ‘பை’தான். “பையை எடுக்கப் போறாங்களாம்” என்பார்கள், ஏதோ ஆணியில் தொங்குகிற மஞ்சள் பையை எடுக்கிற மாதிரி.

இந்த இரண்டு வருஷத்தில் அவர் வெளிர் நிறப் புடவை கட்டி நான் பார்த்ததில்லை. எப்போதும் கறுப்பு, இல்லாவிட்டால் அடர் ஊதா. மாதம் ஒரு தடவையாவது அளவு கொடுக்கப் போகிறவள், ஏன் என்று ஒரு நாள் கேட்டேனா? கேட்கவில்லை. நானும் ஒரு பெண்தான் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆபரேஷன் வியாழக்கிழமை காலை என்று முடிவாகி, திங்கட்கிழமையே டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், என்னென்னவோ டெஸ்ட். ரத்தம் ஒரு பாட்டில் தயாராக இருக்க வேண்டும், சூசை கொடுத்துவிடுவார் என்று ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் பார்க்கப் போனேன். எனக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் வந்திருந்தது. ஒரு அம்மாள், பையை எடுத்த தன் ஓர்ப்படிக்கு ஆம்பளைக் குரலாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர், எடுத்த பிறகு உள்ளே காலி இடம் இருக்குமே, அங்கே குடல் இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று கையால் செய்து காட்டினார். மூன்றாவதாக ஒருவர், “இனிமே நீ பொம்பளைக் கணக்குல சேத்தி இல்ல” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, நான்கு சாத்துக்குடியை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்று பேரும் போகும்போது மறக்காமல் ஒன்று சொன்னார்கள்: “தைரியமா இரு.”

எதை வைத்துக்கொண்டு இருப்பதாம்?

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இப்படியா ஒரு நோயாளியைப் பார்க்க வருவார்கள்? நான் ஒரு டீச்சர். வாராவாரம் உங்களிடம் பேசுகிறவள். கொஞ்ச நாள் முன்னால்தான் நல்லெண்ணங்களின் சக்தி பற்றி இதே பக்கத்தில் எழுதி, நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டிருந்தீர்கள். அந்தக் கடிதங்கள் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன. அக்காவை நான்தான் தேற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“அக்கா, ஒண்ணுதான் முக்கியம். பாசிட்டிவ். அதை நீங்க மனசார ஏத்துக்கணும். எத்தனையோ பேரு பாசிட்டிவ்வா, சந்தோஷமா வாழ்ந்துட்டு இருக்காங்க. பாசிட்டிவ்னா எதையும் தாண்டிடலாம். அழக் கூடாது.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மெஷின் மிதிக்க முடியுமா டீச்சர்?”

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியவில்லை அக்கா, டாக்டரைக் கேட்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது — முதல்ல பாசிட்டிவ், மற்றதெல்லாம் தானாக நடக்கும்!

பக்கத்தில் நாத்தனார் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். சூசையின் அக்கா, ஊரிலிருந்து துணைக்கு வந்தவர். நான் பேசப் பேச அவர் கை நின்றுவிட்டது. வாசலில் நின்ற சூசை வெளியே போனார். குடும்பமே என் பேச்சில் உருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுகூட ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

மறுநாள் மதிய இடைவேளையில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாத்தனாரைக் காணோம். ஃபிளாஸ்கையும் எவர்சில்வர் டம்ளரையும் காணோம், ஒரு காகிதக் கப்தான் இருந்தது. பக்கத்துக் கட்டில் காலி. அந்த அம்மாள் ஜன்னலோரத்திலிருந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சிஸ்டர் வந்து படபடவென்று சொன்னார். இவர் ஆபரேஷன் வேண்டாம் என்கிறாராம். நேற்று சாயங்காலத்திலிருந்தே இவர் வீட்டுக்காரர் தலையே தெரியவில்லையாம். ரத்தம் இல்லாமல் டாக்டர் கத்தியைத் தொட மாட்டாராம். தெரிந்தவர்கள்தானே, நீங்களே கேளுங்கள் என்றார்.

கேட்டேன். அக்கா திரும்பாமலே பேசினார்.

“உங்கள டாக்டரம்மாதான அனுப்பிச்சாங்க? எங்கிட்ட நேரா சொல்ல முடியாம...”

எதைச் சொல்ல முடியாமல்?

“பாசிட்டிவ்னு.”

புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. நான் முந்தின நாள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மனசார ஏற்றுக்கொள்ள வேண்டும். எத்தனையோ பேர் பாசிட்டிவ்வாக வாழ்கிறார்கள். அழக் கூடாது. அதுவும் அதற்கு முந்தின நாள்தான் ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், நான் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியக் குரலில் சொல்கிறேன்... வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்?

எனக்கு அது பத்திரிகையில் படித்த வார்த்தை. அவர்களுக்கு அது ரத்த டெஸ்டு வார்த்தை. நாத்தனார் தன் ஊர் மகளிர் குழுவில் தலைவி. குழுக் கூட்டத்தில் எய்ட்ஸ் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறார்கள், பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது, நெகட்டிவ் என்றால் இல்லை என்று. சூசைக்கோ லாரி நிற்கிற இடமெல்லாம் சுவரில் அதே பாடம். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தொட்டால் ஒட்டாது, ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது என்பதும் அதே வகுப்பில்தானே சொல்லியிருப்பார்கள்? அந்தப் பாதி மட்டும் எப்படி மறந்துபோகும்?

இதைவிட வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் நாத்தனார் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “நாலு பேரு வந்து போற எடத்துல கடை வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்.”

அந்த நாலு பேர் யார் தெரியுமா? நானும் என்னைப் போன்றவர்களும். ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்கள்! ஊர் ஊராக லாரி ஓட்டுகிற தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சந்தேகம் நேராகப் போய் இறங்கியது, கட்டிலில் கிடக்கிறவர் மேல். இப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுவதும் அவர் தனியாகப் படுத்திருந்திருக்கிறார். நான் மட்டும் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்காததுதான் பாக்கி. அக்கா, அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, மனசைத் தெம்பாக வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்று திக்கித் திணறி விளக்கினேன். அவர் நம்பவில்லை. தெம்பா இருன்னு சொல்றதுக்கு தெம்பா இருன்னே சொல்லலாமே என்றார். பதில் சொல்லுங்கள் பார்ப்போம்?

எழுப்பி, டாக்டரம்மா அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஃபைலைப் புரட்டினார்.

“நெகட்டிவ்தான்மா.”

அக்காவின் முகம் இன்னும் கறுத்தது. நெகட்டிவ் என்றால் மோசமா என்று என்னைப் பார்த்தார். இல்லைம்மா, உனக்கு அந்த வியாதி கிடையாது என்று டாக்டரம்மாவே தமிழில் சொன்னார். அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் கேட்டது, செவ்வாய்க்கிழமை என்னிடம் கேட்ட அதே கேள்வி. மெஷின் மிதிக்க முடியுமா?

டாக்டரம்மா ஒரு சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். பை இவ்வளவு, கட்டி இவ்வளவு, இதை எடுக்கிறேன், சினைப்பை இரண்டையும் விட்டுவிடுகிறேன் என்றார். குரல் மாறாது, குடல் இறங்காது. மூன்று மாதம் மெஷினைத் தொடக் கூடாது, உட்கார்ந்த இடத்தில் ஊக்கு வைக்கலாம், காஜா எடுக்கலாம். அதற்கப்புறம் தாராளமாக மிதிக்கலாம். ஐந்து நிமிஷம்தான் பேசியிருப்பார். அக்காவின் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ரத்த ஓட்டம் வந்தது. “அப்ப எடுத்துருங்க” என்றார் அக்கா.

இந்த ஐந்து நிமிஷத்தைத் திங்கட்கிழமையே ஏன் யாரும் கொடுக்கவில்லை? கையெழுத்து வாங்க ஆள் இருக்கிறது, ரத்தம் எடுக்க ஆள் இருக்கிறது. என்ன எடுக்கப் போகிறோம், எதை விடப் போகிறோம் என்று உடம்புக்குச் சொந்தக்காரியிடம் சொல்ல ஆள் இல்லை! அந்த இடத்தைத்தான் ஓர்ப்படி கதையும் என் பிரசங்கமும் வந்து அடைத்துக்கொள்கின்றன.

சூசையைத் தேடிக்கொண்டு நானே போனேன். நாலு ரோடு பக்கம் லாரி நிற்கிற இடத்தில், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“என்னாலதாங்க வந்திருக்கும். அவ எங்க போனா, கடைக்கும் கோயிலுக்கும்தான...”

பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இந்த ஒரு வார்த்தையை உங்கள் அக்காள் முன்னால் சொல்லியிருக்கலாமே ஐயா! சொல்லாமல் ஓடி வந்து டீ குடித்தால் யாருக்கு லாபம்? அப்படியே இருந்திருந்தாலும், அந்த நேரத்தில் இவர் உட்கார வேண்டிய இடம் அந்தக் கட்டில் அல்லவா? கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். ரத்தம் எடுக்கும் முன் அவருக்கும் அதே டெஸ்ட் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வராந்தாவில் அவர் நின்ற நிலையை நான் எழுதப் போவதில்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது போதும்.

வியாழக்கிழமை காலை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயமா இருக்கா என்று சிஸ்டர் கேட்டார்.

“இருக்கு. போலாம்” என்றார் அக்கா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி சாத்துக்குடி அளவு இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது நாத்தனார் வந்திருந்தார். பூசை முடிந்து நேராக வந்த பட்டுப் புடவை, கையில் பால், ரொட்டி. எல்லாம் இந்த டீச்சர் பண்ணின கூத்து என்று வார்டுக்கே கேட்கிற மாதிரிச் சிரித்தார். ஜன்னலோர அம்மாளும் சிரித்தார். நியாயம்தான், நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். நல்லவேளை ஆரோக்கியம், உனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது, கடவுள் கண் திறந்தார் என்று சொல்லி நாத்தனார் ரொட்டியை நீட்டினார்.

அக்கா சிரிக்கவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டார்.

“ஆமாங்க அண்ணி. எனக்கு இல்லன்னு தெரிஞ்சுது. உங்களுக்கு என்ன இருக்குன்னும் தெரிஞ்சுது.”