முதல் பக்கத்துக்கு வந்த பட்டறை

பத்து விரல்களும் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. கண்கள் அங்கே இல்லை, பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த தாளில் இருந்தன. ஒரு வரி முடிந்ததும் வலது கை மவுஸைப் பிடித்து, திரையில் அந்த வரியின் மேல் இழுத்துப் பார்த்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக நீலமாயின. கை திரும்பவும் விசைப்பலகைக்கு வந்தது. அடுத்த வரி, மறுபடியும் அதே சோதனை. பதினேழாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பதினான்கு பாக்கி.

திண்டிவனத்தில் டிடிபி சென்டர் வைத்திருந்த சூர்யகலாவின் கைகள் அவை. 1993இல் விழுப்புரத்தில் டைப்ரைட்டிங் பழகி, தமிழில் ஹையர் வரை பாஸ் செய்தவள். பிறகு பதினைந்து வருடம் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டினாள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் குறைந்தபோது, பிறர் போட்ட இணையப் பக்கங்களைத் திறந்து, பின்னால் இருக்கும் நிரலைப் படித்துப் படித்துத் தானாகவே வெப்சைட் போடக் கற்றுக்கொண்டாள். 2012 கார்த்திகையில் முதல் வெப்சைட் வேலை கிடைத்தது. மரக்காணம் ரோட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷின் செய்யும் பாண்டுரங்கனின் பட்டறைக்கு.

அவள் போட்டுக் கொடுத்த வெப்சைட் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தை பிறந்தும் கூகுளில் தேடினால் வரவில்லை.

"இன்னாம்மா இது? ஆறு பக்கம் தள்ளித் தள்ளிப் பாத்துட்டேன். நம்ம பட்டறைய காணோமே" என்றார் பாண்டுரங்கன்.

கூட வந்திருந்த மைத்துனர் தீனதயாளன் சிரித்தார். "மாமா, இது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை. நான் சொல்ற மெட்ராஸ் கம்பெனிக்குக் குடுங்க. மெஷின் பேர நூறு தரம் வெள்ளை எழுத்துல எழுதி அடியில ஒளிச்சி வெச்சிடுவானாம். மனுசன் கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும். ஜல்தியா மேல வந்துடும்."

"வெள்ளைப் பேப்பர்ல வெள்ளை இங்க் போட்டு அடிக்க எந்த ப்ரெஸ்லயும் எனக்குச் சொல்லித் தரலீங்க" என்றாள் சூர்யகலா.

பாண்டுரங்கன் மைத்துனரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பங்குனியில மல்லாட்டை புடுங்குவாங்க. அப்பத்தான் நமக்கு வியாபாரம். மாசி முடியறதுக்குள்ள மொதல் பக்கத்துல வரணும். வரலன்னா அவங்க கிட்டயே குடுத்துடறேன். கோவிச்சிக்காத."

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. முதல் வேலையே கைமாறிப் போனால் இந்த ஊரில் இரண்டாவது வேலையை யார் தருவார்கள்?

அன்று பிற்பகல், முதல் இடத்தில் இருந்த வேறொரு ஊர்ப் பட்டறையின் பக்கத்தைத் திறந்தாள். அதில் ஒன்றும் அழகில்லை. ஒரு வரியைக் குறித்துக்கொள்ள நினைத்து மவுஸை இழுத்தாள். அந்த வரி மட்டும் நீலமானது. தன் பக்கத்திலும் இழுத்தாள். தலைப்பு, படம், விவரம் எல்லாம் சேர்ந்து ஒரே பலகையாக நீலமானது.

நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அச்சகத்தில் எந்த வேலையையும் ஆப்செட்டுக்கு அனுப்புமுன் தமிழ் எழுத்தைப் படமாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் எழுத்து கட்டம் கட்டமாகச் சிதறிவிடும். பதினைந்து வருடம் கை பழகிய அந்த வழக்கத்தின்படி, வெப்சைட்டின் முப்பத்தொரு பக்கங்களையும் அவள் படமாகவே மாற்றி ஏற்றியிருந்தாள். மனிதர்கள் அதைப் படித்தார்கள். தேடுபொறிக்கு அது முப்பத்தொரு வெறும் படம்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனாள்.

"தப்பு என்னுதுதாங்கண்ணா. எல்லாத்தையும் திரும்ப டைப் பண்ணப் போறேன். நாலு நாள் உங்க போன் பக்கத்துல உக்காந்துக்கட்டுமா?"

"போன் கிட்ட இன்னா வேல?"

"வாங்கறவங்க இன்னா கேக்கறாங்கன்னு எழுதிக்கணும்."

கடையைக் காலையில் பூட்டிவிட்டு நான்கு நாளும் அங்கே உட்கார்ந்தாள். ஒலக்கூரிலிருந்து ஒருவர், பருப்பு நொறுங்குமா என்று கேட்டார். கண்டாச்சிபுரத்துக்காரருக்கு, கரண்ட் இல்லாத கொல்லையில் டீசல் இஞ்சினில் ஓடுமா என்று தெரிய வேண்டும். சல்லடை தேய்ந்தால் எங்கே வாங்குவது என்று மட்டும் ஏழு பேர் கேட்டார்கள். பழைய பக்கங்களில் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை, நிறுவனர் படமும் சாமி படமும்தான் பெரிதாக இருந்தன.

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று முப்பத்தொன்றையும் புதிதாகப் பிரித்துக்கொண்டாள். கேட்டவர் வாயில் வந்த சொல்லே தலைப்பு. பதிலை எந்தக் கம்ப்யூட்டரிலும் சிதறாத யூனிகோடில் அடித்து, ஒவ்வொரு வரியையும் இழுத்துச் சோதித்தாள். மெஷின் படங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் அது இன்ன படம் என்று பின்னால் இருக்கும் நிரலில் எழுதினாள். செல்போனில் ஒரு நிமிடம் இழுத்த பக்கம் இப்போது நாலு விநாடியில் திறந்தது. பட்டறை மெஷின்களை விற்கும் வியாபாரிகளிடம் பேசி, அவர்கள் வெப்சைட்டில் இதற்கு இணைப்புக் கொடுக்க வைத்தாள்.

பிறகு காத்திருக்கும் வேலை. தன் கம்ப்யூட்டரை அவள் நம்பவில்லை. அடிக்கடி திறக்கிற பக்கத்தை அது முன்னால் காட்டிவிடும். அதனால் மருந்துக்கடை, ஸ்டூடியோ என்று பிறர் இடத்தில் போய்த் தேடினாள். தை கடைசியில் ஐந்தாம் பக்கம். மாசி பத்தில் மூன்றாம் பக்கம். மாசி இருபதில் இரண்டாம் பக்கத்தில் முதல் ஆளாக வந்து அப்படியே நின்றுவிட்டது. நாலு நாள் அசையவில்லை. ஆனாலும் அவள் எதையும் அவசரப்பட்டு மாற்றவில்லை. விட்டுப்போயிருந்த சல்லடை அளவுகளை மட்டும் எழுதிச் சேர்த்தாள்.

மாசி இருபத்தாறு. பட்டறையில் அவள் இருக்கும்போதே பாண்டுரங்கனின் போன் அடித்தது. திருவெண்ணெய்நல்லூருக்கு மெஷின் இறக்கப் போயிருந்த தீனதயாளன்.

"மாமா, இங்க கரும்புக்காரர் ஒருத்தர செல்லுல மல்லாட்டை மெஷின்னு தேடச் சொன்னேன். மொத ஆளா நம்மளுதுதான் வருது."

"நீ தட்டிக் குடுத்தியா?"

"நான் தொடவே இல்ல மாமா. அந்தப் பொண்ணு அங்க இருந்தா இத சொல்லாதீங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கூடக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

"கேட்டுக்கினுதாங்க இருக்கேன்" என்றாள் சூர்யகலா.

பங்குனி முதல் வாரத்தில் முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் போன் வந்தது. சல்லடைப் பக்கம் மட்டும் தனியாக முதல் இடத்துக்கு ஏறியது. அரிசி மில் வைத்திருந்த ஒருவர் தனக்கும் ஒரு வெப்சைட் வேண்டுமென்று சென்டரைத் தேடி வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சூர்யகலா பட்டறைக்கு ஓர் உறை கொண்டுபோனாள். உள்ளே முகவரி, பாஸ்வேர்ட், எந்தப் பக்கத்தில் எதை எப்படி மாற்றுவது என்று வரிசையாக எழுதிய நாலு தாள்.

"பாஸ்வேர்ட இன்னிக்கே மாத்திடுங்கண்ணா. எனக்குக்கூட சொல்லாதீங்க. இனிமே இது உங்களுது."

பாண்டுரங்கன் கிரீஸ் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த உறையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.