துணி சோப்பு வாசனை அடித்த பீர்

ஈரமான நியூஸ் பேப்பரின் மை உள்ளங்கையில் ஒட்டினால் ஒரு வாசனை வரும். பீர் என்றதும் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த வாசனைதான்...

எங்கள் பக்கம் பாட்டிலைப் பேப்பரில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவோம். தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே! வண்டியில் வரும்போதே பாட்டில் வேர்த்து, பேப்பர் நனைந்து, அன்றைய செய்தியெல்லாம் கையில் ஏறிவிடும்.

அப்போது நானும் ராஜாவும் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ராஜாவுக்குச் சொந்த ஊர் சமயநல்லூர் பக்கம், விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பீர் குடித்துவிட்டு ஃபேஸ்புக்கில் ரிவ்யூ எழுதுவது எங்கள் பொழுதுபோக்கு. பேஜுக்கு ‘நுரை’ என்று பெயர் வேறு.

என்னவோ ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரி எழுதுவோம். ஆனால் எங்களுக்குக் குதிரைப் படம் போட்ட பீர்தான் குலதெய்வம். குதிரையில் கூலிங் இல்லையென்றால் கடைக்காரர் மேல் தப்பு. யானைப் படம் போட்டதில் கூலிங் இல்லையென்றால் கம்பெனி மேல் தப்பு. குதிரைக்கு நாலரை ஸ்டார், யானைக்கு ஒன்றரை. வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் அதில் மாற்றமே கிடையாது.

எங்கள் செட்டில் மூன்றாவது ஆள் கோபி. சௌராஷ்டிராப் பையன், அப்பாவுக்கு டவுனில் துணிக்கடை. இன்ஜினியரிங் படித்துவிட்டு, சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு பெங்களூர் பப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வீட்டில் பெரிய ரகளை. போனில் அப்பாவிடம் அவர்கள் பாஷையில் பேசுவான். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் குரல் இறங்கினால், கடைக்கு வா என்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு வந்து நின்றான். முதல் தடவையாக அவனே யோசித்து, அவனே காய்ச்சிய பீர்.

“வர்ற வெள்ளிக்கிழம ஓனர் குடிச்சுப் பாப்பாரு. பிடிச்சா மெனுல போடுவாரு. இல்லேன்னா நான் எங்கப்பா கடையில உக்காந்து துணி கிழிக்க வேண்டியதுதான்டா.”

பையில் இரண்டு விதம். ஒன்றில் ‘கோபி’ என்று பேனாவில் எழுதிய வெள்ளை ஸ்டிக்கர். மற்றது நியூஸ் பேப்பர் சுற்றியது. “ஸ்டிக்கர் ஒட்டுனது என்னோடது. பேப்பர்ல இருக்கிறது வர்ற வழியில சமயநல்லூர்ல வாங்குனது, சும்மா கம்பேர் பண்ண” என்றான். எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்தோம். மத்தியானம் அவனே திறந்து, எவர்சில்வர் டம்ளரில் அவனே ஊற்றினான். மூடியைக்கூட எங்கள் கண்ணில் காட்டவில்லை. அதை நாங்கள் கவனித்தால்தானே!

முதலில் ஸ்டிக்கர் பாட்டில்.

“மாப்ள... தேன்டா!” என்றான் ராஜா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது. குடித்தபடியே ஐந்து ஸ்டார் போட்டு ரிவ்யூ டைப் பண்ண ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்தது பேப்பர் பாட்டில். ஒரு வாய் குடித்ததுமே ராஜா முகத்தைச் சுளித்தான்.

“என்னடா கருமம் இது, துணி சோப்பு வாசன அடிக்குது! எவன்டா இதக் காய்ச்சுனது?”

“ஒரு ஸ்டாருக்கு மேல தேறாது” என்றேன் நான்.

கோபி ஈரப் பேப்பரை உரித்தான். உள்ளே லேபிளே இல்லாத வெறும் பாட்டில்.

“நீங்க தேன்னு சொன்னது யானடா. லேபிள ஊற வச்சு எடுத்துட்டு என் ஸ்டிக்கர ஒட்டுனேன். சோப்புன்னு சொன்னீங்கள்ல... அதுதான் என்னோடது.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ராஜா மட்டும் விடாமல் சமாளித்தான். “இல்ல மாப்ள, அதுல கூலிங் பத்தல...”

“ரெண்டும் ஒரே ஃப்ரிட்ஜ்லதான்டா இருந்துச்சு.”

கோபிக்குக் கோபமே இல்லை. டம்ளரை ராஜா பக்கம் நகர்த்தி, “அந்தச் சோப்பு வாசன குடிச்ச ஒடனே வருதா, முழுங்குனப்புறமா?” என்று கேட்டான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இதே கேள்விதான். கொத்தமல்லி விதை போட்டிருக்கிறானாம். அதுதான் கூடிப்போயிருக்கிறது. “அங்க கூட வேல பாக்குறவய்ங்ககிட்ட குடுத்தா அம்புட்டுப் பேரும் சூப்பருங்கிறாய்ங்க. அதான் இம்புட்டுத் தூரம் வந்தேன்” என்றான்.

திரும்பிப் போய், இன்னும் மல்லி சேர்க்காமல் இருந்த அடுத்த பேரலில் அதைக் குறைத்துப் போட்டான். வெள்ளிக்கிழமை போன் வந்தது. மெனுவில் போட்டுவிட்டார்கள்! “என் சோப்புதான்டா அவனக் காப்பாத்துச்சு” என்று ராஜா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதெல்லாம் அப்போது...

இப்போது கோபிக்கு பெங்களூரில் சொந்தமாகவே பப் இருக்கிறது. மொபைல் ஆப்பில் அவன் பீருக்கு எல்லோரும் ஐந்து ஸ்டார் போடுகிறார்கள். டம்ளர் மேசைக்கு வந்ததும் போட்டோ எடுத்து, ஸ்டாரையும் போட்டுவிட்டு, அப்புறம்தான் குடிக்கிறார்கள். நானே கண்ணால் பார்த்தேன். ‘நுரை’ பேஜின் பாஸ்வேர்டுகூட எனக்கு மறந்துவிட்டது.

புதிதாக எது காய்ச்சினாலும் ஒரு பாட்டிலை நியூஸ் பேப்பரில் சுற்றி எங்களிடம் கொண்டுவருவான். போன மாதமும் வந்தான். திருப்பரங்குன்றத்தில் என் வீட்டு மொட்டைமாடி, அதே எவர்சில்வர் டம்ளர்.

“அருமை மாப்ள!” என்றான் ராஜா. நானும் தலையாட்டினேன்.

“மல்லி எப்படிடா இருக்கு?”

“கரெக்டா இருக்குடா. முந்தி மாதிரி சோப்பெல்லாம் இல்ல.”

கோபி டம்ளரைக் கீழே வைத்தான்.

“இதுல மல்லியே போடலடா.”

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபோது எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. முன்பு பெயரை மறைக்கச் சுற்றிய பேப்பரே இப்போது அவன் பெயராகிவிட்டது.

கோபி கையில் ஒட்டிய மையை பேண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“அடுத்த தடவ வாரப்ப, என்னையத் தெரியாத ஆளு யாராச்சும் இருந்தா கூட்டியாங்கடா.”