எண்ணெய் போட்ட மட்டை

எண்ணெய் போட்டால் எதுவும் நன்றாகிவிடும் என்று நம்புகிற குடும்பத்துக்கு நான் மருமகளாகப் போனேன். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த வீடு. பூட்டுக்கு எண்ணெய், கதவுக் கீலுக்கு எண்ணெய், தையல் மெஷினுக்கு எண்ணெய், செருப்புக்குக்கூட எண்ணெய். என் வீட்டுக்காரரின் இடுப்பில் சாவிக்கொத்தோடு எப்போதும் ஒரு எண்ணெய்த் துணியும் செருகியிருக்கும். கையில் எது அகப்பட்டாலும் ஒரு துடை துடைத்துத்தான் கீழே வைப்பார். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தேன். டீச்சர் ட்ரெயினிங் படித்தபோது டேபிள் டென்னிஸ் ஆடியிருக்கிறேன். நன்றாக ஆடுவேன். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. கல்யாணத்தோடு அதெல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பிறகு எங்கள் பள்ளிக்கு ஒரு மேஜை வந்தது, யாரோ வெளிநாட்டு உபகாரி அனுப்பிவைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர்களும் ஆடலாம் என்று தலைமை சிஸ்டர் சொன்னார். மறுநாள் சாயங்காலமே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நான் அந்த மேஜை முன்னால் நின்றேன்.

மேஜையோடு வந்த மட்டைகள் ஆடுகிறதற்கு லாயக்கில்லை. கப்பலில் வெந்து வந்தனவோ என்னவோ, ரப்பர் வெடித்து உதிர்ந்தது. நல்ல மட்டை வேண்டுமென்றால் சொந்தமாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த வெளிநாட்டு மட்டை என் சம்பளத்துக்கு எட்டாது. மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் ஏறினேன்.

"யாருக்கும்மா, தம்பிக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

உடனே குழந்தைகள் ஆடுகிற சிவப்பு மட்டைகளை எடுத்துப் போட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. உள்ளே அடுக்கியிருந்ததை எல்லாம் எடுக்கச் சொன்னேன். ரப்பரின் மினுமினுப்பைப் பார்த்துத்தான் பெரும்பாலும் மட்டை வாங்குகிறார்கள். ரப்பர் இன்றைக்கு இருக்கும், நாளைக்குத் தேயும், பிய்த்துப் போட்டு வேறு ஒட்டலாம். மரத்தை மாற்ற முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைத் திருப்பி, பலகையின் அடுக்குகளுக்கு நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தேன். பிடியை இரண்டு விரலில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். நல்ல மரம் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி சத்தம் கொடுக்கும், உள்ளே ஒட்டு விட்டுப்போன மரம் செத்த சத்தம் கொடுக்கும். கடையிலேயே மட்டமான ரப்பர் ஒட்டியிருந்த மட்டையில்தான் நல்ல மரம் இருந்தது. யாரும் சீந்தாததால் அதன் விலையும் குறைவு. மேலே சின்னச் சின்ன மொட்டு வைத்த ரப்பர்த் தாளைத் தனியாக வாங்கினேன். அதற்குள் வெளியே நின்ற என் வீட்டுக்காரர் மூன்று தடவை கனைத்துவிட்டார்.

அந்த மட்டையைச் சேர்க்கப் பல சாயங்காலம் ஆனது. பழைய ரப்பரைத் தண்ணீரில் நனைத்தால் லேசாக வந்துவிடும், ஆனால் மரத்தின் அடுக்கும் கூடவே பிரியும். அதனால் கரண்டிக் காம்பை நுழைத்து, காய்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினேன். பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாங்கி, மரத்திலும் ரப்பரிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, பிடிப்பக்கத்திலிருந்து மேலாகப் படியவைத்தேன். சப்பாத்திக் கட்டையால் உருட்டிக் காற்றை வெளியேற்றினேன். பிறகு அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். ஓரத்தை அவருடைய சவர பிளேடால் நறுக்கினேன். முதல் நாள் அதில் பந்தைத் தட்டியபோது ரப்பர் பந்தைக் கவ்வித் திருப்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வீட்டில் எனக்கென்று நானே செய்துகொண்ட முதல் சாமான் அது.

அந்த வருடம் மதுரையில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிகள் எல்லாம் கூடி ஒரு போட்டி வைத்தார்கள். பள்ளிக்கு ஒரு டீச்சர். மடத்திலேயே இரண்டு நாள் தங்கல். எங்கள் பள்ளியில் போட்டி எனக்கும் டிரில் டீச்சருக்கும்தான். அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அவளுக்கு ஸ்பாஞ்ச் மட்டை அனுப்பியிருந்தான். இருந்தாலும் சாயங்கால ஆட்டங்களில் பாதிக்கு மேல் நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஆடி, ஜெயிப்பவர் மதுரைக்குப் போவது என்று ஏற்பாடு.

கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாக எந்த ஊருக்கும் போனதில்லை. வத்தலக்குண்டில் இருக்கும் அக்காளைப் பார்க்கப் போனாலும் கூட ஒரு ஆள் வரும். வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஜெயிச்சா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். அத்தை, என் மாமியார், முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் தடுக்கவில்லை. ஆக அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் எனக்கு இரண்டு நாள் கிடைக்கும். யாருக்கும் உலை வைக்காத, யாரும் கூட வராத இரண்டு நாள். அந்த வாரம் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் பைக்குள் கையை விட்டேன். மட்டை இல்லை. நிமிர்ந்து பார்த்தால் சுவரில், பூட்டுகளைக் காயப்போடுகிற ஆணியில் அது தொங்கியது. பக்கத்தில் போகும்போதே மெஷின் எண்ணெய் வாடை அடித்தது. ரப்பர் ஊறி உப்பி, ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. விரல் வைத்தால் வழுக்கியது.

"இது யாரு பண்ணுனது?"

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர், காப்பி குடித்துக்கொண்டே. "காஞ்சு கிடந்துச்சு. ராத்திரி ரெண்டு பக்கமும் நல்லா ஊறப் போட்டு மாட்டுனேன். பாரு, எப்படி மின்னுதுன்னு."

"ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுங்க."

"எண்ணெய் ஆகாத சாமான் எதும்மா இருக்கு?"

நான் கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தியது அன்றைக்குத்தான். அத்தை அடுப்படியிலிருந்து வந்தார். "பொண்டாட்டி சாமான புருசன் தொடச்சு வைக்கிறான். எந்த வீட்டுல நடக்கும் இது? அதுக்கா இம்புட்டுக் கோவம்?" என்றார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "குடுத்து வச்சவ நீ" என்று என்னிடமே சொன்னார்.

என் வயிற்றெரிச்சல் அங்கேதான். அவர் குடிகாரராக இருந்து, மட்டையை அடுப்பில் போட்டிருந்தால், நாலு பேராவது எனக்காகப் பேசியிருப்பார்கள். நல்லது செய்துவிட்டார், அதனால் என் வாயை அடைத்துவிட்டார்கள். பட்டறையில் அவருடைய அரத்தை ஒருத்தன் கேட்காமல் எடுத்துவிட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஏசுவார். கைப்பழக்கம் மாறினால் அரம் கெட்டுவிடும், சொந்த அரத்தைத் தொடுகிறவன் கையை ஒடிப்பேன் என்பார். அதே மனுஷனுக்கு என் பையைத் திறக்கும்போது கேட்கத் தோன்றவில்லை. என்னுடையது என்று ஒரு சாமான் இருக்கும் என்பதே அவர் மண்டையில் இல்லை.

பள்ளிக்கு நடக்கும்போதே ரப்பரைப் பிடித்து இழுத்தேன். எவ்வளவு பாடுபட்டு ஒட்டியது, வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. வெறும் மரத்தோடு மேஜைக்குப் போனேன். டிரில் டீச்சர் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வச்சுக்கலாமா டீச்சர்?" என்றாள். நல்ல பெண். ஆனால் அன்றைக்கே மதுரைக்குப் பேரைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். பள்ளி மட்டைகளில் ஒன்றும் தேறவில்லை.

வெறும் மரத்தில் பந்து நிற்காது, சுழலாது, பட்டதும் பறக்கும். முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவது ஆட்டத்தில், அடிக்கிறதை விட்டுவிட்டு, வருகிறதையெல்லாம் சும்மா திருப்பிப் போட்டேன். அதை ஜெயித்தேன். மூன்றாவதில் இருபதுக்கு இருபது வரை வந்து, ஒரு பந்து மேஜை ஓரத்தைத் தாண்டியது, இன்னொன்று வலையில் விழுந்தது. டிரில் டீச்சர் மதுரைக்குப் போனாள். அதற்கடுத்த வருடம் அந்தப் போட்டியே நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஜெயிச்சியா?" என்றார்.

"தோத்துட்டேன்."

"போகட்டும் விடு. அடுத்த தடவை விளக்கெண்ணெய் போட்டுப் பாப்போம்."

கேலி இல்லை. நிஜமாகவே சொன்னார். அதற்குப் பிறகு அவரோடு பேச எனக்கு வெகுநாள் ஆனது. சோறு போட்டேன், வெஞ்சனம் வைத்தேன், பேசவில்லை. அவளுக்கு என்னவோ மனசு சரியில்லை, கோயிலில் அவள் பேரில் ஒரு பூசைக்குக் கொடுக்கலாம் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்.

மரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எண்ணெயை எடுத்து, புது ரப்பர் ஒட்டினேன். தகரப் பெட்டி ஒன்று வாங்கினேன். பிறகு நானாகப் போய் அவரிடம் பேசினேன்.

"எனக்கு ஒரு பூட்டு செஞ்சு குடுங்க."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆட்களிடம் விடாமல் தானே உட்கார்ந்து செய்தார். வேறு எந்தச் சாவியும் சேராத பூட்டு. கொண்டுவந்து என் கையில் பூட்டையும் சாவியையும் வைத்து, "எதுக்கு இது?" என்றார்.

"மட்டைய வைக்க."

"வீட்டுக்குள்ள யாரு வந்து திருடப் போறா?"

"நீங்கதான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து ஒரு பூட்டு வெளியே போனால் இரண்டு சாவியோடுதான் போகும். எத்தனையோ பூட்டுக்கு நானே சாவி கோத்துக் கொடுத்திருக்கிறேன். என் கையில் ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. கொத்தில் புதுச் சாவி ஒன்று தனியாகப் பளபளத்தது. "அவசரத்துக்கு இருக்கட்டும்னுதான்..." என்றார்.

"என் மட்டைக்கு என்ன அவசரம்?"

கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அடுப்படியிலிருந்து அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று. கொத்தை அவிழ்த்து, வளையத்தை நெம்பி, அந்தச் சாவியைக் கழற்றினார். வழக்கப்படி எண்ணெய்த் துணியில் துடைக்கப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு, துடைக்காமலே என் கையில் வைத்தார்.

பூட்டுக்கு எண்ணெய் வேண்டும்தான். அதை இன்றுவரை நானே போட்டுக்கொள்கிறேன்.