‘விளக்கு மட்டும்’ என்று அப்பா எழுதிய கொக்கி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் வீட்டில், இதைப் படிக்க நீங்கள் போட்டிருக்கும் விளக்கே அப்பா மாட்டியதாக இருக்கும். அவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆனால் அவருடைய கடைசி நாள் பகலில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகள் ஏன் பக்கத்தில் இல்லை என்று பதினாறாம் நாள் காரியத்தில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கான பதில் இதுதான். இதை மலரில் எழுதலாமா, எழுதினால் என் மாமியாரான அத்தையின் மனம் வருந்துமா, அப்பாவுக்குக் குறைவாகுமா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். “எழுது. புள்ளைக்கு ஏணை கட்டுற வீட்டுக்காரங்க படிக்கட்டும்” என்றார் அம்மா. அத்தையும் எழுதச் சொன்னார்.

அப்பா பிறந்தது நெல்லிக்குப்பத்தில். தாத்தா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் மாட்டுவண்டி ஓட்டினார். ஐந்து பிள்ளைகளில் அப்பா மூன்றாமவர். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டு, மஞ்சக்குப்பத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அரசுக் குடியிருப்புகளுக்கு வயரிங் செய்யும் வேலை. அறைக்கு ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், வாசலில் ஒரு குண்டு பல்பு. அதற்கு மேல் யோசிக்க அங்கே ஒன்றும் இல்லை.

திருமணத்துக்குப் பிறகு அம்மாவின் தம்பியான என் மாமாவும் அவரோடு சேர்ந்துகொண்டார். பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியின் வீட்டில் இருவரும் வேலை செய்த நாளில் மெயினை அணைத்துவிட்டு மாமா ஏணியில் நின்று வயரைப் பிடித்திருந்தார். வெளியே போயிருந்த வீட்டுக்காரர் திரும்பி வந்தவர், ஏதோ கோளாறில் மெயின் விழுந்துவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கிவிட்டார். மாமா பிழைத்தது தெய்வச் செயல். வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் நிமிராது.

அன்றிலிருந்து அப்பா ஒரு முறை வைத்துக்கொண்டார். எந்த வீடானாலும் மெயின் அருகே ஒருவர் நிற்க வேண்டும். ஏணியில் ஏறுமுன் அப்பா “மெயின் ஆஃபா?” என்று கேட்பார். நிற்பவர் வாய்விட்டு, “ஆஃப் பண்ணிட்டேன், இங்கயே நிக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அப்பா வேலையை முடித்து “போடு” என்று சொல்லும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் இதில் மாற்றமில்லை. மாமாவே கேலி செய்வார்: “எங்க மச்சான் கோயிலுக்குப் போனாலும் மெயின் எங்க இருக்குன்னு பாத்துட்டுதான் கற்பூரம் கொளுத்துவாரு.” எங்கள் வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதானாலும் அம்மா மெயின் பக்கத்தில் நின்றாக வேண்டும். அடுப்பில் குழம்பு தீய்ந்த நாட்களும் உண்டு.

பிறகு காலம் மாறியது. கடலூரிலும் சிதம்பரத்திலும் புது வீடு கட்டுகிறவர்கள் அறைக்கு அறை வேறு விளக்கு கேட்டார்கள். அப்பா அதையே தம் தொழிலாக்கிக்கொண்டார். கடைக்குப் போய் விளக்கு வாங்குவதற்கு முன்பு வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள், எங்கே படுப்பார்கள், யாருக்குக் கண் மங்கல் என்று கேட்பார். நீள வயரில் ஒரு பல்பை மாட்டி அம்மாவையோ மாமாவையோ உயரத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு, கட்டில் வரும் இடத்தில் தாமே தரையில் படுத்துப் பார்ப்பார். சமையலறையில் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் அரிகிற கத்தியின் மேல் நம் நிழலே விழும் என்று, மேடைக்கு நேர்மேலே வைப்பார். பிள்ளைகள் எழுதும் மேசைக்கு இடப்பக்கம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில், முழங்காலுக்குக் கீழே ஒரு சிறிய விளக்கு. கடலோரக் கிராமங்களில் இரும்பில் செய்த எதையும் மாட்ட மாட்டார். உப்புக் காற்று ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும். மீனவர் வீடுகளில் அழகுக்கு ஆசைப்பட்டு அவர்கள் கேட்டாலும், வேண்டாம் என்று எடுத்துச் சொல்லிவிட்டு வருவார். வரவேற்பறையில் முப்பது விளக்கு கேட்ட ஒருவரிடம், “வீட்டுல குடியிருக்கப் போறீங்களா, நகைக்கடை வைக்கப் போறீங்களா?” என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு ஒன்பதுக்கு ஒத்துக்கொண்டார்.

இன்னொரு பழக்கமும் அப்பாவுக்கு உண்டு. கூரையில் மாட்டும் ஒவ்வொரு கொக்கியின் பக்கத்திலும், அது எதைத் தாங்கும் என்று பென்சிலால் சிறிதாக எழுதுவார். தளம் போடும்போதே கம்பியோடு வளைத்துக் கட்டிய கொக்கி என்றால் ‘ஏணை’ என்றோ ‘ஃபேன்’ என்றோ எழுதியிருக்கும். பிறகு துளையிட்டு இறக்கிய கொக்கி என்றால் ‘விளக்கு மட்டும்’.

சிதம்பரத்தில் நாங்கள் வீடு கட்டியபோது அப்பாவே எல்லா அறைக்கும் விளக்கு தேர்ந்தெடுத்தார். கூடத்தில் புடவை ஏணைக்கென்று கம்பியில் கட்டிய கொக்கி ஒன்றும் வைத்தார். அப்போது எனக்குக் குழந்தை இல்லை. அந்தக் கொக்கியைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சின்ன அறைக்குப் பிரம்புக் கூடை போன்ற ஒரு தொங்கு விளக்கு வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அங்கே துளையிட்டபோது உள்ளே கம்பி இடித்தது. அதற்கு மேல் ஆழமாகப் போகவில்லை, ஆனாலும் இந்த விளக்குக்கு இது போதும் என்று சொல்லிக் கொக்கியை மாட்டி, பக்கத்தில் பென்சிலால் எழுதினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குழந்தை பிறக்கப் போகிறது என்றதும் அந்த அறைக்கு வெளிர்மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். கூரைக்கும் சேர்த்து. குழந்தை வந்த பிறகு, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு தூங்க மறுத்தாள். அவள் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து விளக்கைக் கழற்றச் சொன்னேன். என் கணவர் கழற்றி, வயர் முனைக்கு டேப் சுற்றினார். கொக்கி அப்படியே நின்றது. வெறும் கொக்கியாக, எழுத்தில்லாமல். இதில் ஒவ்வொன்றையும் செய்தது நான். எதைச் செய்யும்போதும் நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, கடலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பத்து மாதக் குழந்தையை அங்கே வைத்துக்கொள்ள விடவில்லை. அத்தையிடம் விட்டுவிட்டு நான் வந்திருந்தேன். நான்காம் நாள் காலை, இன்றைய பகல் தாண்ட வேண்டும் என்று மருத்துவர் தம்பியிடம் சொன்னார். அம்மா காலடியிலும், தம்பியும் நானும் இரண்டு பக்கத்திலும் இருந்தோம்.

பதினோரு மணியளவில் அத்தை போனில் ஒரு படம் அனுப்பினார். குழந்தை ஏணையில் தூங்கும் படம். பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கிறார்கள், கூடத்தில் சத்தம் தாங்கவில்லை, அதனால் சின்ன அறையில் கட்டினேன் என்று எழுதியிருந்தார். பேத்தி முகத்தைப் பார்த்தால் அப்பாவுக்குத் தெம்பு வரும் என்று போனை அவர் கண் எதிரே பிடித்தேன்.

அப்பா குழந்தையைப் பார்க்கவில்லை. அவர் கண் படத்தின் மேல் ஓரத்தில் தெரிந்த கொக்கிக்குப் போனது. மூக்கிலிருந்த மாஸ்க்கை இழுத்துக் கீழே தள்ளினார்.

“இது எந்த ரூம்?”

சின்ன அறை என்றேன்.

“வெளக்கு எங்க?”

கழற்றிவிட்டோம் என்றேன்.

“எழுதி வச்சிருந்தனே.”

“பெயிண்ட் அடிச்சிட்டோம்ப்பா.”

அப்பா மூச்சு வாங்கினார். “அது புள்ளய தாங்காது. போ.”

அத்தைக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. குழந்தை எழுந்துவிடும் என்று அத்தை சத்தத்தை அணைத்துச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்காவை அழைத்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார், மகள் வகுப்பின் பெற்றோர் கூட்டம் முடியவில்லை. முடிந்ததும் ஓடுகிறேன் என்றார். என் கணவர் வேலை விஷயமாகப் பண்ருட்டியில் இருந்தார். உடனே கிளம்பிவிட்டார், ஆனால் அவர் வருவதற்குள் நான் போய்விடலாம். தம்பி, “நீ போக்கா, நான் இங்கருந்து போன் பண்ணிட்டே இருக்கேன்” என்றான். அம்மா என் கையைப் பிடித்திருந்த தம் கையை எடுத்துக்கொண்டார்.

மருத்துவமனை வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறினேன். வழி முழுதும் போன் செய்தேன். அப்பா நினைவு தடுமாறிப் பேசியிருந்தால் என்ன செய்வது? ஒன்றுமில்லாததற்காகவா அவரை விட்டுப் போகிறேன்? ஒரு கட்டத்தில் வண்டியைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன். உடனே குழந்தை ஏணையில் உதைத்துத் தானே ஆட்டிக்கொள்வது நினைவுக்கு வந்தது. அவள் தூக்கத்திலும் உதைப்பாள். பி.முட்லூரில் இரண்டு பஸ்கள் வழியை அடைத்து நின்றன. வெள்ளாற்றுப் பாலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்தது. ஓட்டுநர், “வீடு எந்தத் தெருன்னு மட்டும் இப்பவே சொல்லிடும்மா, அங்க போயி தேட வேணாம்” என்றார்.

கதவைத் திறந்த அத்தை என் முகத்தைப் பார்த்து அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மார்பில் கை வைத்தார். நான் அவரைத் தாண்டி ஓடினேன். குழந்தை ஏணையில்தான் இருந்தாள். விழித்திருந்தாள். காலை உதைத்து ஆடிக்கொண்டிருந்தாள். அவள் தலைமயிரில் வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது. அவளை அள்ளி எடுத்தேன்.

“குளிப்பாட்டி பவுடர் போட்டேன், அதான் கொட்டியிருக்குன்னு நெனச்சேம்மா” என்றார் பின்னால் வந்த அத்தை.

பவுடர் இல்லை, சுண்ணாம்புப் பூச்சு. கொக்கி அரை அங்குலம் கீழே இறங்கி, சுற்றிலும் வளையமாக விரிசல் விட்டிருந்தது. அத்தை புடவையை அவிழ்க்க ஒரு முறை இழுத்தார். கொக்கி புடவையோடு வந்து தரையில் விழுந்தது. டேப் சுற்றிய வயரும் கூடவே இழுபட்டு, டேப் நழுவிச் செம்பு தெரியத் தொங்கியது. அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஒரு வீட்டில் குழந்தையும் கூரையில் கொக்கியும் இருந்தால் யாரும் செய்வதைத்தான் அவர் செய்தார்.

தம்பிக்குப் போன் செய்தேன். அவன் அதை அப்பாவின் காதில் வைத்தான்.

“அப்பா, புள்ளய எறக்கிட்டேன். நல்லாருக்கா.”

மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு கேட்டார்.

“வயரு?”

“தொங்குதுப்பா.”

“மெயின் ஆஃபா?”

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடி மெயினை இறக்கினேன். ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. “ஆஃப் பண்ணிட்டேன்ப்பா. இங்கயே நிக்கிறேன்” என்றேன்.

“ம்” என்றார் அப்பா.

தம்பி போனை எடுத்துக்கொண்டான். நான் அங்கேயே நின்றேன். வீட்டில் வேர்த்தது. குழந்தை அழுதாள். அத்தை அவளை வாங்கிக்கொண்டு விசிறினார். உள்ளே வந்து உட்காரம்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டார். சற்று நேரத்தில் தம்பி அழைத்தான். அப்பா போய்விட்டார் என்றான். அப்போதும் நான் மெயின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்பா இன்னும் ‘போடு’ என்று சொல்லியிருக்கவில்லை.

என் கணவர் வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். கடலூருக்கு உடனே கிளம்ப வேண்டும். ஆனால் தொங்கும் வயரோடு வீட்டை விட்டுப் போக முடியாது. அவர் ஸ்டூல் போட்டு ஏறினார். ஏறுமுன் கேட்டார். நான் பதில் சொன்னேன். வயர் முனையை மூடி, பெட்டிக்குள் தள்ளி, இறங்கி, உள்ளேயிருந்து அவர் “போடு” என்றார். நான் மெயினைத் தூக்கினேன். கூடம், சமையல் மேடை, கழிவறைக்குப் போகும் வழியில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் சிறு விளக்கு என்று, காலையிலிருந்து அணைக்க மறந்த எல்லாம் எரிந்தன. ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டுக் கிளம்பினோம்.

போயிருக்க வேண்டுமா, இருந்திருக்க வேண்டுமா என்று இந்த ஓராண்டில் எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். போ என்று சொன்னவர் அப்பா.

அப்பாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அன்று அப்பா தள்ளிய மாஸ்க்கைப் பொறுமையாகத் திரும்பத் திரும்ப மாட்டிவிட்ட செவிலியருக்கும், பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட அந்தக் கார் ஓட்டுநருக்கும், மனம் கேளாமல் கூட்டத்தின் பாதியிலேயே எழுந்து, நான் வந்த சற்று நேரத்தில் ஓடிவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், ஈமக் காரியங்களை முன்னின்று நடத்திய மாமாவுக்கும், துக்கத்தில் வந்து நின்ற உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பா சார்பில் ஒரு வேண்டுகோளும் உண்டு. இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் ஒவ்வொரு அறையிலும் மேலே பாருங்கள். வெறும் கொக்கி இருந்தால், பக்கத்தில் பென்சில் எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். பெயிண்ட் அடித்திருந்தால், அது எந்தக் கொக்கி என்று தெரியும்வரை அதில் ஏணை கட்ட வேண்டாம். சந்தேகமிருந்தால் மாமாவைக் கூப்பிடுங்கள், வந்து பார்ப்பார். அவர் ஏணியில் ஏறும்போது, தயவுசெய்து உங்கள் வீட்டில் ஒருவர் மெயின் அருகே நில்லுங்கள். அவர் கேட்டால் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். உள்ளேயிருந்து குரல் வரும்வரை நகராதீர்கள்.